தைசியாவும் மகளிர் தினப் பரிசும்

லுக்கினோவில் ரகசியம் பேச வேண்டுமென்றால் ஆலையின் தறிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஆளிச்செடி நாரில் துணி நெய்யும் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும் அந்தக் கூடத்தில், பக்கத்தில் இருப்பவர் பீரங்கி வெடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் உதட்டால் பேசுவார்கள். சத்தம் கிடையாது; வாய் மட்டும் அசையும். இந்த முனையில் ஒருத்தி உதட்டைச் சுழித்தால் அந்த முனையில் இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மேற்பார்வையாளர்கள் ஆண்கள். அவர்களுக்கு இந்தப் பாஷை தெரியாது. பெண்கள் ஏதோ மெல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடுவில் நடந்து போவார்கள்.

வடக்கே நிலவியல் ஆய்வுக் குழுக்களோடு கூடாரம் கூடாரமாக அலைந்துவிட்டு ஊர் திரும்பிய நான், அடுத்த ரயிலை முடிவு செய்யும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு அங்கே நூல் சுற்றிய தார்க் குச்சிகளைக் கூடையில் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஊமைப் பாஷையில் நான் முதலில் படித்துப் புரிந்துகொண்ட வாக்கியம் தைசியா எகோரவ்னாவுடையது. அவள் தறியிலிருந்து தலையைத் தூக்கி எதிர்த் தறிக்காரியிடம் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சுத்தம் பண்ணப் போறேன். என் தறியைப் பாத்துக்கோ."

வீட்டைச் சுத்தம் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். நானும் பெண்தான்; கூடாரங்களில் ஆண்களோடு அதிக நாள் இருந்துவிட்டதன் விளைவு. லுக்கினோவில் சுத்தம் என்றால் மாவட்ட மருத்துவமனையின் பெண்கள் வார்டில் கருவைக் கலைத்துக்கொள்வது. வெள்ளிக்கிழமை போனால் சனி ஞாயிறு படுக்கலாம், திங்கட்கிழமை தறிக்குத் திரும்பலாம். சட்டப்படி நடப்பது, இலவசம், எல்லோரும் போவது. முடிவெட்டும் கடைக்குப் போவதைப் போலத்தான். முடிவெட்டும் கடையில் கொஞ்சம் மரியாதை உண்டு.

தைசியா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளி முடித்ததும் ஆலை விடுதிக்கு வந்தவள். மெலிந்த உடம்பு, பெரிய வாய், நுனியில் வெடித்த விரல்கள். மர லாரி ஓட்டும் இன்னகென்தியைக் கட்டிக்கொண்டாள். ஊர் அவனைக் கெஷா என்று கூப்பிட்டது. குடித்தால் அழுவான், குடிக்காவிட்டால் மீன் பிடிப்பான், அடிக்கமாட்டான். லுக்கினோவில் இது நல்ல கணவனுக்கான முழு இலக்கணம். ஒரு மகன், ஒரு மகள், பொதுச் சமையலறை உள்ள வீட்டில் ஒரே ஓர் அறை. அந்த அறையில் இருவரும் பேசினால் குழந்தைகளுக்குக் கேட்கும், பேசாமல் இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டாருக்கு என்னமோ நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

எத்தனை முறை வார்டுக்குப் போயிருக்கிறாய் என்று கேட்டால் தைசியா ஒரு கையின் விரல்களைக் காட்டுவாள். பிறகு யோசித்து மற்றக் கையையும் எடுப்பாள். "இதுக்கு மேல கேட்டா செருப்பைக் கழட்டணும்," என்பாள்.

வேறு வழி பார்க்காமல் இல்லை. எலுமிச்சைத் துண்டை உள்ளே வைத்தால் கரு தங்காது என்று விடுதியில் ஒருத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். லுக்கினோவுக்கு எலுமிச்சை புத்தாண்டுக்கு மட்டும்தான் வரும்; மற்ற மாதங்களில் பிரம்மச்சரியம் என்று அர்த்தம். நாள் பார்த்து நடந்துகொள்ளலாம் என்றால், கெஷா எந்த நாளில் காட்டிலிருந்து திரும்புவான் என்பதைப் பனியும் டீசலும்தான் தீர்மானித்தன. மருந்துக் கடைக்குப் போனால் எம்மா என்ற கடைக்காரி, தறிக்கூடத்தில்கூடக் கேட்கும் குரலில் பேசுவாள்.

"ரப்பர் சமாச்சாரமா? கோடையில வந்துச்சு. மீன் பிடிக்கிறவங்க அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அவங்களுக்கு எதுக்கு?"

"தீப்பெட்டி நனையாம இருக்க. அதுக்காவது உதவுதே."

பின்னால் வரிசையில் நின்ற பள்ளித் தலைமையாசிரியர் சுவரிலிருந்த காசநோய் விளம்பரத்தை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

கிடைத்தபோது கெஷா அதை ஒரு முறை போட்டுப் பார்த்தான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போவது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அது கிழிந்தும் போனது. அந்த வருடத்து வெள்ளிக்கிழமைகளில் ஒன்று அந்தக் கிழிசலால் வந்தது.

மாத்திரையைப் பற்றியும் கேட்டாள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே பெண்கள் மருத்துவரான நோன்னா அர்க்காதியெவ்னா, சிகரெட்டை ஜன்னல் விளிம்பில் அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"மாத்திரை உடம்புக்குக் கெடுதல்னு மேலேருந்து சுற்றறிக்கை வந்திருக்கு."

"இது கெடுதல் இல்லையா, டாக்டரம்மா?"

"இதுவும் கெடுதல்தான். அதுக்குத் தனிச் சுற்றறிக்கை."

அந்தத் தனிச் சுற்றறிக்கையின் சாரம் வார்டின் தாழ்வாரத்தில் வண்ணப் படமாகத் தொங்கியது. கன்னத்தில் கைவைத்து அழும் ஒரு பெண், மேலே 'கருக்கலைப்பு தாய்மையைப் பறிக்கும்' என்று சிவப்பு எழுத்து. வீட்டு அங்கியும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டு பெண்கள் அதன் கீழேயே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பார்ப்பதற்கு வேறு படம் இல்லாததால் பலருக்கு அந்தப் பெண்ணின் கம்மல் டிசைன்கூட மனப்பாடம். உள்ளே ஒரே அறையில் இரண்டு நாற்காலிகள். ஒருத்திக்கு நடக்கும்போது இன்னொருத்தி ஏறிப் படுப்பாள். வலி தெரியாமல் மரத்துப்போக மரப்பூசி இருந்தால் போடுவார்கள். இல்லாத நாள்களில் பணியாள் கிளாஷா கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வாள்: "கத்தாதே. அவன்கிட்ட படுத்தப்ப கத்தினியா?" கிளாஷாவும் வருடத்துக்கு ஒரு முறை அதே நாற்காலியில் ஏறுவாள். அப்போது அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆள் கிடையாது.

வருடத்துக்கு ஒரு முறை நகரத்திலிருந்து சொற்பொழிவாளர் ஒருவரும் ஆலைக்கு வருவார். கருக்கலைப்பின் தீமைகளைப் பற்றி அவர் பேசி முடித்ததும் தைசியா எழுந்து, அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டாளாம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மாலை நேரங்களில் கணவனும் மனைவியும் பனிச்சறுக்கு விளையாடலாம் என்றார். "விளையாடிட்டு வந்தா அவனுக்குக் குளிருமே," என்றாள் தைசியா. அதற்கு நகரத்தில் குறிப்பு எதுவும் கொடுத்தனுப்பவில்லை போலிருக்கிறது.

நான் சேர்ந்த குளிர்காலத்தில் அந்த வெள்ளிக்கிழமை சரியாகப் போகவில்லை. திங்கட்கிழமை தைசியா தறிக்கு வரவில்லை. ரத்தம் நிற்காமல் அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பல வாரங்கள் கழித்து, சலவைக்குப் போட்டு நிறம் போன துணி மாதிரி திரும்பி வந்தாள். நோன்னா அர்க்காதியெவ்னா அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இனி உன்னை அந்த நாற்காலியில ஏத்தமாட்டேன். ஏத்தினா இறக்கறது என் கையில இல்ல. பெத்துக்கவும் முடியாது, உன் கர்ப்பப்பை தாங்காது. புரியுதா?"

"அப்ப கெஷாவை என்ன பண்ண? சுட்டுடவா?"

"சுருள் வைக்கணும்."

சுருள் என்பது கருப்பைக்குள் வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் வளைவு. வைத்துவிட்டால் வருடக்கணக்கில் கவலை இல்லை. நல்ல பொருள், அதனாலேயே கிடைக்காத பொருள். ஆனால் அந்தப் பிப்ரவரியில் லுக்கினோவுக்கு ஒரு பொட்டலம் வந்திருந்தது. வந்தது மருத்துவமனைக்கு, போய்ச் சேர்ந்தது ஆலைக்கு. ஆலை மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்புகள் கொடுத்திருந்தது. பதிலுக்கு, உற்பத்தியில் ஈடுபடும் பெண்களுக்கு என்று சுகாதாரத் துறைத் தலைவர் பொட்டலத்தை ஆலைத் தொழிற்சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். மருத்துவர் கையில் புதிய விரிப்புகள் மட்டும் மிஞ்சின.

சங்கத் தலைவர் வலெரியான் குஸ்மிச் நேர்மையானவர். லுக்கினோவின் துரதிர்ஷ்டங்களில் பாதி இந்த நேர்மையால் வந்தவை. தட்டுப்பாடான எந்தப் பொருளையும் அவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. கம்பளமோ, தையல் இயந்திரமோ, யுகோஸ்லாவிய பூட்ஸோ, எது வந்தாலும் ஒரே விதி: சிறந்த உழைப்பாளிக்கு முதலிடம், விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தவருக்கே பரிசு. சுருளுக்கும் அதே விதியைப் போட்டார். அதன் பெயரை வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம். 'சாதனம்' என்பார். காது மடல் சிவக்கும்.

தைசியா அவர் அறைக்குப் போனாள். நான் வாசலில் தார்க் கூடையோடு நின்றேன்.

"குஸ்மிச், எனக்கு ஒண்ணு வேணும்."

"யாருக்குத்தான் வேணாம். ஆனா உங்க பேர்ல விடுப்பு ஏகப்பட்டது, தைசியா எகோரவ்னா."

"அந்த விடுப்பு எதுக்குன்னு தெரியுமா?"

வலெரியான் குஸ்மிச் மேசையின் மேலிருந்த தண்ணீர்க் குடுவையைப் பார்த்தார். "தெரியும். குத்திக் காட்டல. ஆனா விடுப்பு விடுப்புதான்."

"அந்த விடுப்பு வராம இருக்கத்தான் அதைக் கேக்கறேன்."

"அப்ப முதல்ல ஒரு வருஷம் விடுப்பு எடுக்காம வேலைக்கு வாங்க. நானே மேடையில வச்சுக் குடுக்கறேன்."

"ஒரு வருஷம் நான் உயிரோட இருந்தா."

"அப்படிச் சொல்லக் கூடாது. நல்லதா நினைக்கணும்."

நோன்னா அர்க்காதியெவ்னாவும் அவரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கு விதியை வளைத்தால் நாளைக்குக் கம்பளத்துக்கும் வளைக்கச் சொல்வார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து கெஷா லாரியில் தூங்க ஆரம்பித்தான். அவனாகவே போனான். "உன்னைப் பாத்தா கை சும்மா இருக்காது. உன்னைக் கொன்னுட்டு நான் அழுதுக்கிட்டு உக்காந்திருக்கணுமா," என்று சொல்லி ஆட்டுத்தோல் கோட்டையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். எஞ்சினை நடுநடுவே ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்வான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொதுச் சமையலறையில் பெண்கள் தைசியாவைப் பார்ப்பார்கள். என் அறிவுக்கு எட்டிய வரையில் அந்த மாவட்டத்தில் நம்பகமாக வேலை செய்த ஒரே கருத்தடை முறை அந்த லாரிதான்.

மகளிர் தினத்துக்கு முந்தின மாலை ஆலை மன்றத்தில் விழா. மேடையில் சிவப்புத் துணி, மஞ்சள் மிமோசாப் பூங்கொத்துகள், ஓரத்தில் தீயணைப்புப் படையின் பித்தளை வாத்தியக் குழு. பெண்கள் எல்லோரும் தலைமுடியைச் சுருள்விட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வலெரியான் குஸ்மிச் பளிங்குச் சாடிகளைக் கொடுத்து முடித்துவிட்டு, வெள்ளை உறைகளைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"அடுத்ததா, நம்ம பெண்களோட உடல்நலத்துக்கு அரசு காட்டுற அக்கறையின் அடையாளமா, ஒரு நவீன சாதனம்."

மன்றம் முழுவதும் உதடுகள் அசைய ஆரம்பித்தன. ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் மேடையைப் பார்த்து மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல் உறை, கௌரவப் பலகையில இந்த வருஷமும் இடம்பிடிச்ச பிரஸ்கோவ்யா இலியினிச்னாவுக்கு."

பாஷா அத்தை என்று நாங்கள் கூப்பிடும் பிரஸ்கோவ்யா, ஓய்வு வயது எப்போதோ தாண்டியும் தறியை விடாத விதவை. பிள்ளை பெறும் காலமெல்லாம் அவளுக்குப் போரோடு முடிந்த கதை. மேடையேறி, உறையை அங்கேயே கிழித்து, உள்ளே இருந்த காகிதப் பொட்டலத்தையும் கிழித்து, அந்த வளைந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னது, குஸ்மிச்?" ஒலிபெருக்கி எல்லாவற்றையும் எங்களுக்குக் கொடுத்தது.

"அது மருத்துவம் சம்பந்தப்பட்டது."

"ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு காதுக்கு?"

வலெரியான் குஸ்மிச் வாத்தியக் குழுவைப் பார்த்துக் கையை ஆட்டினார். தீயணைப்பு வீரர்கள் பலமாக ஊதினார்கள்.

இரண்டாவது உறை நெல்லிக்கு. இளைஞர் சங்கப் பெண், கல்யாணம் ஆகாதவள், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள். மகளுக்கு என்ன பரிசு வந்தது என்று தெரிந்துகொண்ட அவள் அம்மா அன்றைக்கே அதை அடுப்பில் போட்டுவிட்டாள். மூன்றாவது கேன்டீன் தலைமைச் சமையல்காரிக்கு. அவள் புருஷன் அவளை விட்டுப் போய் வெகு காலம், ஆனால் கொடுத்ததை வாங்காமல் இருப்பது அவள் வழக்கமில்லை. மிச்சமும் இப்படித்தான். விதி அப்படி அமைந்திருந்தது: தேவைப்படுகிறவர்கள் எல்லோரும் வார்டுக்குப் போய் விடுப்பு எடுத்திருந்தார்கள். தேவைப்படாதவர்கள்தான் உழைப்பின் சிகரத்தில் இருந்தார்கள்.

என் பக்கத்தில் தைசியா கைதட்டிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் என் பக்கம் திரும்பியது. "பாஷா அத்தைக்கு இனி பயமில்ல," என்றது.

சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் சங்கத்துக்கு உடல்நலத்தைத் தவிரக் குடும்பநலத்திலும் அக்கறை உண்டு. ஓட்டுநர் ஒருவர் மனைவியை விட்டு லாரியில் குடியிருப்பது மகளிர் தினத்தையொட்டி வலெரியான் குஸ்மிச்சின் கவனத்துக்கு வந்தது. ஒரு குழு தைசியாவின் அறைக்கு வந்து, தேநீர் குடித்து, குடும்பம் சமூகத்தின் அடித்தளம் என்று விளக்கியது. கெஷா காரணத்தைச் சொல்ல வாயெடுத்தபோது குழுவில் இருந்த பெண் உறுப்பினர் இருமினார். அது அன்றைய விஷயத்தில் இல்லை. லாரியில் உறங்குவது அரசு டீசலை வீணாக்குவதும்கூட என்று முடிவாயிற்று. தீர்மானத்தின்படி கெஷா சனிக்கிழமைக்குள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மறுத்தால் லாரியைப் பறித்துவிடுவார்கள்.

"சங்கமே என்னை உன் பக்கத்துல படுக்க வைக்குது," என்றான் கெஷா, தொப்பியைப் பிசைந்துகொண்டு. "என்னடி பண்றது?"

"சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள் தைசியா. கோட்டைப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பாஷா அத்தை வீட்டுக்கு நடந்தாள்.

பாஷா அத்தையின் அறையில் பெரிய பொருள் என்றால் கண்ணாடி அலமாரிதான். உள்ளே பளிங்குக் கிண்ணங்கள், பீங்கான் நாய், பதக்கங்கள். அவற்றின் நடுவில், சிவப்பு வெல்வெட் துண்டின் மேல், சுருள். இதற்குள் அது என்னவென்று ஊரே அவளுக்குச் சொல்லியிருந்தது. அவள் அதை அங்கேயே வைத்திருந்தாள்.

"பாஷா அத்தை, அது உனக்கு எதுக்கு?"

"பளிங்குக் கிண்ணம் மட்டும் எதுக்கு? அதுல நான் குடிக்கிறேனா? அரசு குடுத்தது, வச்சிருக்கேன்."

"எனக்குக் குடு. பதிலுக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன். ஞாயித்துக்கிழமை உன் தறியை நான் ஓட்டறேன்."

"என் தறியை நீயா? நூலை அறுத்துத் தொங்கவிடவா?" பாஷா அத்தை தேநீர் ஊற்றினாள். "குடுக்க முடியாதுடி. ஏப்ரல்ல நகரத்துப் பத்திரிகையிலேருந்து படம் எடுக்க வர்றாங்க. பரிசும் கையுமா. குஸ்மிச் சொல்லிட்டுப் போயிருக்கான், பத்திரமா வைன்னு. வந்து பாத்து இல்லன்னா வித்துட்டேன்பாங்க."

தைசியா தேநீரைத் தொடவில்லை.

"இப்ப உங்களுக்கு என்ன குறை," என்றாள் பாஷா அத்தை. "எங்க காலத்துல இதுக்கு ஜெயில். உங்களுக்கு வரிசை. குடுத்துவச்சவளுங்க."

"டாக்டரம்மா இனிமே என்னை வரிசையிலயும் சேக்கமாட்டாங்களாம். இன்னொரு தடவைன்னா செத்துருவேன்."

பாஷா அத்தை எழுந்து போய் அலமாரிக் கண்ணாடியை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் துடைத்தாள். அது ஏற்கனவே துடைத்துத்தான் இருந்தது.

"எங்கக்கா மார்ஃபா," என்றாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "சட்டம் தடுத்திருந்த வருஷம். கருவைக் கலைக்கறதுக்குச் சோப்புத் தண்ணி ஏத்தினாங்க. ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒருத்தன் உக்காந்துட்டான், டாக்டர் இல்ல, விசாரணைக்காரன். யார் செஞ்சு விட்டதுன்னு சொல்லு, அப்புறம்தான் டாக்டர் தொடுவார்னு. அவ சொல்லல." துடைப்பதை நிறுத்தினாள். "செஞ்சு விட்டது எங்கம்மா."

பிறகு திரும்பி, வழக்கமான எரிச்சல் குரலில் பேசினாள்.

"படம் எடுக்கும்போது இந்த வெல்வெட்டு மேல ஏதோ ஒண்ணு இருக்கணும். வெள்ளையா, வளைஞ்சு. அது என்னன்னு படம் எடுக்கிறவனுக்கும் தெரியாது, குஸ்மிச்சும் உத்துப் பாக்கமாட்டான், வெக்கப்படுவான். எனக்குக் கண் மங்கல். போங்கடி."

தைசியா வீட்டுக்குப் போய்க் கெஷாவிடம் மீன் தூண்டில் நரம்பு கேட்டாள். பெரிய மீனுக்குப் போடும் தடித்த வெள்ளை நைலான். தன் சேமிப்பிலேயே தடித்ததை எடுத்துக் கொடுத்தான்.

"இதுல பெரிய மீனெல்லாம் பிடிச்சிருக்கேன்."

"இப்ப பத்திரிகைக்காரன் மாட்டுவான்."

கெட்டில் ஆவியில் நரம்பைக் காட்டி, அறுந்த நூலை முடிந்து முடிந்து பழகிய விரல்களால் வளைத்தாள். பொதுச் சமையலறையில் பெண்கள் சூழ்ந்து நின்று, இன்னும் கொஞ்சம் வளை, அந்த முனையைச் சின்னதாக்கு என்று யோசனை சொன்னார்கள். பாதிப் பேர் அசலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. மேடையில் பாஷா அத்தை தூக்கிப் பிடித்ததுதான் லுக்கினோ வரலாற்றில் அதற்கு நடந்த ஒரே செயல்விளக்கம். நகல் அசலைவிட நேர்த்தியாக வந்தது.

சனிக்கிழமை காலை, பாஷா அத்தையின் வெல்வெட்டின் மேல் நகலை வைத்துவிட்டு, அசலை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தைசியா மருத்துவமனைக்குப் போனாள். நோன்னா அர்க்காதியெவ்னா அதைப் பிரித்துப் பார்த்தார்.

"எங்க வச்சிருந்தாங்க?"

"பீங்கான் நாய் பக்கத்துல."

"கொதிக்க வச்சுட்டாங்களோன்னு பயந்தேன்." கிருமிநாசினியில் அதை ஊறப்போட்டார். ஊறும் வரைக்கும் தைசியா தாழ்வாரத்தில் கம்மல் போட்ட அந்த அழும் பெண்ணின் கீழே உட்கார்ந்திருந்தாள். கடைசி முறையாக. அன்று மரப்பூசி இருந்தது. கிளாஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தைசியா சொன்னபடி, "கொடுத்துவச்சவடி நீ," என்று மட்டும் சொன்னாளாம்.

சாயங்காலம் கெஷா சங்கத் தீர்மானத்தை நிறைவேற்றும் விதமாகப் போர்வையோடு வீட்டுக்குத் திரும்பினான். அவனைப் பக்கத்தில் விடும் நாளை நோன்னா அர்க்காதியெவ்னாதான் சொல்ல வேண்டும் என்று தைசியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் தரையில் படுத்து, சங்கத்துக்கு மேலே மருத்துவம் இருப்பதற்கு நன்றி சொன்னான்.

ஏப்ரலில் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பாஷா அத்தை பதக்கங்களைக் குத்திக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். படம் எடுக்கிறவர் வெல்வெட்டைக் காட்டி இது என்ன நினைவுச் சின்னம் என்று கேட்டதற்கு, வலெரியான் குஸ்மிச் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "உழைப்பின் அடையாளம்," என்றார். அப்படியே அச்சானது. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தத் தாளைச் சமையலறைச் சுவர்களில் ஒட்டிவைத்தார்கள். ஆண்கள் அதைப் பாஷா அத்தை மேலுள்ள மரியாதை என்று நினைத்தார்கள்.

அடுத்த ரயில் எதுவென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் மறுபடியும் மார்ச் வந்தது. தைசியா அந்த வருடம் முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. எடுக்கக் காரணம் இருக்கவில்லை. கன்னத்தில் நிறம் வந்திருந்தது. துணியும் மற்ற எல்லோரையும்விட அதிகம் நெய்திருந்தாள். கௌரவப் பலகையில் அவள் படம் ஏறியது. வலெரியான் குஸ்மிச் நேர்மையானவர் என்று நான் சொன்னேன் அல்லவா? மேடையில் வைத்துக் கொடுப்பதாகச் சொன்னதை அவர் மறக்கவில்லை.

அதே மன்றம், அதே மிமோசா, அதே தீயணைப்பு வீரர்கள். அவர் ஒரு வெள்ளை உறையைத் தூக்கிப் பிடித்தார். இந்த முறை காது மடல் சிவக்கவில்லை, பழகிவிட்டிருந்தார்.

"போன வருஷம் ஒழுங்குல குறை இருந்தவங்க. சங்கம் கண்டிச்சது, எடுத்துச் சொல்லிச்சு, குடும்பத்தைச் சேத்து வச்சது. இன்னிக்கு முன்மாதிரி. தைசியா எகோரவ்னா, வாங்க."

தைசியா மேடையேறி உறையை வாங்கினாள். அவருக்குக் கை கொடுத்தாள். கிழிக்கவில்லை. மைக்குக்கு முன்னால் நின்று எங்களைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, பெரிதாக, தெளிவாக, தறிக்கூடத்தின் அந்த முனை வரைக்கும் தெரிகிற மாதிரி.

"யாருக்கு வேணும்?"

"நன்றியில பேச்சு வரல பாருங்க," என்றார் வலெரியான் குஸ்மிச், நெகிழ்ந்து. தானே முதலில் கைதட்டினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு நடுவே வரிசை வரிசையாக உதடுகள் அசைந்தன. யார் யாரோ கேட்டார்கள், யார் யாரோ விட்டுக்கொடுத்தார்கள், ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி நீ வாங்கிக்கோ என்றாள். மன்றத்துக்குள் ஒரு முழுக் கூட்டம் நடந்து முடிந்தது, தலைவர் இல்லாமல். கடைசியில் எல்லா முகங்களும் பின்வரிசைக்குத் திரும்பின. அங்கே நெல்லி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா அடுப்பில் போட்டதற்கு அடுத்த மாதமே கல்யாணம், இப்போது மடியில் கைக்குழந்தை, முகத்தில் தூக்கமே இல்லை. குழந்தையின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினாள்.

பித்தளை வாத்தியங்கள் ஊதின. தைசியா மேடையிலிருந்து இறங்கி, உறையை மிமோசாப் பூங்கொத்துக்குள் செருகி, பின்வரிசையை நோக்கி நடந்தாள்.